எழுபதுகளின் தலைசிறந்த ஹார்ட் ராக் குழு எது? என் ஓட்டு டீப் பர்ப்பிளுக்கு

கேள்வி இது: எழுபதுகளின் மிகச் சிறந்த ஹார்ட் ராக் குழு எது, ரசிகர்களிடம் கேட்டால் ஏன் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்? கேட்டவர் இப்போதுதான் இந்த இசைக்குள் வந்திருக்கிறார். எங்கே பார்த்தாலும் முதல் பெயராக லெட் செப்பலின்தான் வருகிறது, அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டீப் பர்ப்பிள். அதிலும் 1969 நடுவிலிருந்து 1973 நடுவரை சேர்ந்திருந்த ஐந்து பேர். கிடாரில் ரிட்ச்சி பிளாக்மோர், ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்ஸில் இயன் பெய்ஸ், பேஸில் ராஜர் குளோவர், பாட்டுக்கு இயன் கில்லன். இதைச் சொன்னதும் செப்பலின் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், பிளாக் சப்பாத் ரசிகர்கள் சிரிப்பார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு, அதனால்தான் பதில் நீளமாகிறது.

ரசிகர்கள் சண்டை போடும்போது இரண்டு வேறு கேள்விகளைக் கலந்துவிடுகிறார்கள். ஹார்ட் ராக் வாசித்த குழுக்களிலேயே பெரிய குழு எது என்பது ஒன்று. ஹார்ட் ராக் என்ற அந்த இசையை மற்ற எல்லோரையும்விட நன்றாக வாசித்தது யார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு செப்பலின் என்று யாராவது சொன்னால் நான் வாயைத் திறக்கமாட்டேன். இரண்டாவதற்கும் அதே பெயரைச் சொல்லும்போதுதான் எனக்கு இடிக்கிறது.

முதலில் ஹார்ட் ராக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அறுபதுகளின் பிற்பாதியில் பிரிட்டனில் மார்ஷல் நிறுவனத்தின் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் மேடைக்கு வந்தன. ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் கிடாரின் ஒலி உடைந்து கரகரப்பாகும். அந்தக் கரகரப்பில் மூன்று சுரங்கள் சேர்ந்த முழு கார்டை வாசித்தால் எல்லாம் குழம்பிப்போகும். காரணம், நடுவில் இருக்கும் காந்தாரம். அதை எடுத்துவிட்டு சட்ஜமம், பஞ்சமம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் ஒலி பாறைபோல் நிற்கும். தம்பூராவில் நாம் கேட்கும் அதே ச-ப தான். இவர்கள் பவர் கார்ட் என்கிறார்கள். இதை வைத்து நாலைந்து சுரங்களில் ஒரு சின்ன வரியைக் கட்டித் திரும்பத் திரும்ப வாசித்தால் அது ரிஃப். ரிஃபும் டிரம்ஸும் சத்தமும் சேர்ந்தால் ஹார்ட் ராக். அடியில் ஓடுவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு செப்பலினைக் கேளுங்கள். 1970இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் பெரும்பாலும் அகூஸ்டிக் கிடார், நாட்டுப்புறச் சாயல். பெயரே வைக்காமல் 1971 நவம்பரில் வெளியிட்ட நான்காவது ஆல்பத்தில் மாண்டலின் வருகிறது. 1975இல் வந்த இரட்டை ஆல்பத்தில் உள்ள 'காஷ்மீர்' பாட்டு, தந்தி வாத்தியங்களும் பித்தளை ஊதுகருவிகளும் சேர்ந்த ஊர்வலம். அதில் டிரம்ஸ் நாலு எண்ணிக்கையில் போக, கிடார் மூன்று எண்ணிக்கையில் போய் அவ்வப்போது சந்திக்கும். (பாட்டு வரிகள் பிறந்தது காஷ்மீரில் இல்லை, தெற்கு மொரோக்கோவின் பாலைவனச் சாலையில்.) செப்பலினின் கிடார்காரர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் 1972இல் பம்பாய்க்கு வந்து உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தங்கள் பாட்டுகள் இரண்டைப் பதிவு செய்ததும் இந்தத் தேடலின் ஒரு பகுதிதான். அந்தப் பதிவு 2015இல்தான் முறையாக வெளிவந்தது.

இதெல்லாம் குறையா? இல்லவே இல்லை, செப்பலினின் பெருமையே இதுதான். ஆனால் செப்பலின் ரசிகர் தன் குழுவைப் புகழ எடுத்துவைக்கும் சான்றுகளில் பாதி ஹார்ட் ராக்குக்கு வெளியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மீதிப் பாதிக்கு முழுப் பெருமை டிரம்மர் ஜான் பான்ஹமுக்கு. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் முன்கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த அந்த ஒரு டிரம்ஸ் ஒலியை இன்றுவரை ஆட்கள் வெட்டி ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். 1980 செப்டம்பரில் அவர் 32 வயதில் இறந்ததும் மற்ற மூவரும் கடையைச் சாத்திவிட்டார்கள். வேறு டிரம்மரைத் தேடவில்லை. இந்த முடிவும் அவர்களுடைய மதிப்பை உயர்த்தியது என்றே நினைக்கிறேன். வயதான செப்பலின் என்ற ஒன்றை யாரும் பார்க்கவில்லை. 2007 டிசம்பரில் லண்டனில் ஒரே ஒரு இரவு தவிர.

கூட்டக் கணக்கிலும் அவர்களே முன்னால். 1973 மே மாதம் ஃபுளோரிடாவின் டாம்பா அரங்கில் 56,800 பேர் வந்தார்கள். 1965இல் பீட்டில்ஸ் நியூயார்க்கில் வைத்த சாதனை அன்றைக்கு உடைந்தது. அமெரிக்காவில் அந்தத் தலைமுறைக்கு ராக் என்றால் செப்பலின் என்று ஆனதில் ஆச்சரியம் இல்லை.

சப்பாத் கதை வேறு. பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதி, தொழிற்சாலை ஊர். கிடார்காரர் டோனி ஐயோமிக்கு 17 வயது, தகரம் வெட்டும் ஆலையில் வேலை. வேலையை விட்டுப் போகிற கடைசி நாளில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடு இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல்தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் போட்டுக்கொண்டார், 1971இல் மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே ஒன்றரைக் கட்டை கீழே இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும். கூடவே ஒலி கனத்துக் கருத்துப்போனது. ஹெவி மெட்டல் என்று பிற்பாடு பெயர் பெற்ற ஒலியில் பெரும்பகுதி இங்கிருந்து வந்தது. குழுவின் பெயரிலேயே அமைந்த முதல் பாட்டின் ரிஃபைக் கேட்டால் சட்ஜமம், மேல் சட்ஜமம், அப்புறம் பிரதி மத்யமம், அவ்வளவுதான். பஞ்சமத்தின் நிம்மதியை எதிர்பார்க்கும் காதுக்கு அரைச் சுரம் கீழே ஒரு பள்ளம். பயம் வருகிறதென்றால் அந்தப் பள்ளத்தால்தான்.

முதல் ஆல்பம் ஏறத்தாழ ஒரே நாளில் பதிவாகி 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கிழித்துப் போட்டது (செப்பலினின் முதல் ஆல்பத்தையும் அது விட்டுவைக்கவில்லை). அன்றைய விமர்சகர்களிடம் வாக்கெடுத்திருந்தால் சப்பாத் முதல் பத்தில் வந்திருக்குமா என்பதே சந்தேகம். இன்றைக்கு எந்த ரசிகர் பட்டியலிலும் முதல் மூன்றில் நிற்கிறது. நடுவில் என்ன மாறியது? மெட்டாலிகா முதல் நிர்வாணா வரை பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சப்பாத்தைத் தங்கள் மூதாதையாகக் கைகாட்டினார்கள். பிள்ளைகள் பெரிய ஆளானால் பெற்றவருக்கு மதிப்பு கூடுவது இயல்புதானே. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் நால்வரும் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். 17 நாள் கழித்துப் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்தார். அதற்குப் பிறகு அவர்களுக்கு விழும் ஓட்டில் பாசமும் கலந்திருக்கிறது, அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் சப்பாத்தை ஹார்ட் ராக் என்று எண்ணினால் இரண்டாவது இடம் தருவேன். மெட்டல் என்று எண்ணினால் போட்டியே இல்லை, அவர்கள்தான் முதல்.

சரி, பர்ப்பிளுக்கு வருவோம்.

இந்தக் குழு தொடங்கியது 1968இல், இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டில். ஆரம்பத்தில் கொஞ்சம் குழப்பமான குழு. 1969 செப்டம்பரில்கூட லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு கச்சேரி செய்தார்கள்; அது ஜான் லார்டின் ஆசை. பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆல்பம் முழுக்க முழுக்கச் சத்தமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1970இல் வந்த 'இன் ராக்' அப்படிப் பிறந்ததுதான். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, ஆர்கன்காரர் தோற்றுப்போய் ஒதுங்கிவிடவில்லை என்பது. லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். தேவாலயத்தில் கேட்கும் வாத்தியம் கிடாரைப்போல் உறும ஆரம்பித்தது. மற்ற குழுக்களில் ஒரு கிடாரைச் சுற்றி எல்லாம் நடக்கும். இங்கே இரண்டு பேர் சம பலத்தோடு மோதுகிறார்கள், நடுவில் இயன் பெய்ஸ் ஜாஸ் டிரம்மரைப்போல் லேசான மணிக்கட்டோடு வேகமாக ஓடுகிறார். வேறு எந்தக் குழுவிலும் இந்த அமைப்பு இவ்வளவு நன்றாகச் சேரவில்லை.

1971 டிசம்பரில் ஆல்பம் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவுக்குப் போனார்கள். பதிவு செய்ய நினைத்திருந்த காசினோவில் டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவன் ஃபிளேர் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்துபோனது. ஏரிமேல் பரவிய புகையைப் பார்த்துக் குளோவருக்குத் தோன்றிய தலைப்புதான் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டூடியோ வண்டியை வெளியே நிறுத்தி 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை முடித்தார்கள். கிடார் கற்பவர்கள் எல்லாரும் முதலில் வாசித்துப் பார்க்கும் அந்த ரிஃப், பெரும்பாலோர் நினைப்பதுபோல் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து அடிப்பதல்ல. பிளாக்மோர் இரண்டு தந்திகளை விரலால் ஒருசேரப் பறித்து வாசித்தது. கடைகளில் நீங்கள் கேட்கும் நூறில் தொண்ணூறு தப்பாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு பழைய சண்டையையும் தீர்த்துவிடலாம். பர்ப்பிள் ரசிகர்கள் செப்பலினைப் பாட்டுத் திருடர்கள் என்பார்கள். புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் வழக்குப் போட்டு, எண்பதுகளில் செப்பலின் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது உண்மைதான். 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டின் தொடக்கம் ஸ்பிரிட் குழுவிடமிருந்து எடுத்தது என்ற வழக்கில் 2016இல் நடுவர் குழு செப்பலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2020இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஆனால் பர்ப்பிள் மட்டும் யோக்கியமா? 'சைல்ட் இன் டைம்' பாட்டின் மெட்டு இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற சான்ஃபிரான்சிஸ்கோ குழுவின் 'பாம்பே காலிங்' என்ற இசையிலிருந்து வந்தது. அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 'பிளாக் நைட்' ரிஃப், ரிக்கி நெல்சன் 1962இல் பாடிய பாட்டிலிருந்து. ஆகவே இந்த வாதத்தை இரண்டு தரப்பும் கைவிடுவது நல்லது.

நான் பர்ப்பிளுக்கு ஓட்டுப் போட முக்கியக் காரணம் ஸ்டூடியோ ஆல்பங்கள் அல்ல, 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவிலும் 17 டோக்கியோவின் புடோகானிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு. ஜப்பானிய நிறுவனம் தன் ஊருக்காகக் கேட்டது. குழு அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. ஏழே பாட்டு, இரண்டு எல்பி. கில்லனின் குரலும் பிளாக்மோரின் கிடாரும் ஒன்றை ஒன்று துரத்தும், கடைசிப் பாட்டு இருபது நிமிடத்தைத் தொடும். பின்னால் ஸ்டூடியோவில் ஒட்டுவேலை எதுவும் செய்யவில்லை. ஹார்ட் ராக் மேடைக்காகப் பிறந்த இசை என்பதால் என் கணக்கில் இதுதான் முதல் சாட்சி.

ரசிகர்களின் தீர்ப்பில் லைவ் ஆல்பங்களுக்கு இருக்கும் பங்கை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. செப்பலின் 1976இல் வெளியிட்ட லைவ் ஆல்பம் சோர்வானது. 1972 ஜூனில் கலிஃபோர்னியாவில் அவர்கள் கொளுத்திப்போட்ட இரண்டு கச்சேரிகள் 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்' என்ற பெயரில் 2003இல்தான் வந்தன. அது மட்டும் அன்றைக்கே வந்திருந்தால் நான் இந்தப் பதிலை இவ்வளவு தைரியமாக எழுதியிருப்பேனா தெரியாது. சப்பாத்துக்கோ அந்தப் பத்தாண்டில் ஒரு லைவ் ஆல்பமும் இல்லை. 1980இல் வந்ததும் குழுவின் சம்மதம் இல்லாமல் வந்தது. மறுபக்கம் கிஸ் குழுவைப் பாருங்கள். மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள் சரியாகப் போகாமல் தடுமாறிக்கொண்டிருந்தவர்களை 1975இன் 'அலைவ்!' ஒரே தூக்காகத் தூக்கிவிட்டது. அதில் ஸ்டூடியோ ஒட்டுவேலை இருந்தது பிற்பாடு வெளியே வந்தது, ரசிகர்கள் கவலைப்படவில்லை. தின் லிஸியின் 1978 லைவ் ஆல்பத்தில் எவ்வளவு நிஜம் என்று தயாரிப்பாளர் ஒன்று சொல்ல, குழு வேறொன்று சொன்னது. எதுவானாலும் அது அருமையான ஆல்பம்.

அமெரிக்கர்களிடம் கேட்டால் ஏரோஸ்மித், கிஸ், கிராண்ட் ஃபங்க் என்று பட்டியல் மாறும். வானொலியில் தினமும் எது ஓடியதோ அதுதான் மனதில் நிற்கும். ஏரோஸ்மித்தின் 1976 ஆல்பம் 'ராக்ஸ்' மட்டும் பிரிட்டிஷ் மும்மூர்த்திகளுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. கிஸ்ஸை நான் இசைக்குழுவாகவே கணக்கில் எடுப்பதில்லை. திருவிழாவாக எடுத்துக்கொண்டால் பிரமாதம். ரஷ்யாவிலும் ஜப்பானிலும் பர்ப்பிள் ராஜா. ரஷ்ய அதிபராக இருந்தபோது மெத்வதேவ் 2011இல் குழுவைத் தன் இல்லத்துக்கே வரவழைத்தார். கிளீவ்லண்டில் இருக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் செப்பலினை 1995இல் சேர்த்துக்கொண்டது, சப்பாத்தை 2006இல், பர்ப்பிளை 2016இல். இந்த வரிசையே அமெரிக்க ரசனையைக் காட்டிவிடுகிறது.

என் அளவுகோலை என் மீதே திருப்பக்கூடியவர்கள் ஏசி/டிசி ரசிகர்கள்தான். ஹார்ட் ராக்கைத் தவிர வேறு எதையும் வாசிக்காத குழு அது. கிளாஸ்கோவில் பிறந்து சிட்னியில் வளர்ந்த மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்கள் 1973இல் தொடங்கியது. எல்லாரும் பள்ளிச் சீருடை போட்ட தம்பி ஆங்கஸைப் பார்ப்பார்கள். குழுவைத் தாங்கியது அண்ணன் மால்கமின் தாளக் கிடார். 1977 முதல் 1979 வரை மூன்று ஆல்பங்கள், மூன்றும் கச்சிதம். மும்மூர்த்திகள் மூவரும் அப்போது தளர்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பர்ப்பிள் 1976இல் கலைந்துவிட்டது. செப்பலின் பிளான்ட்டின் கார் விபத்து, அவருடைய மகனின் மரணம் என்று துக்கத்தில் இருந்தது. சப்பாத் போதையில் மூழ்கி 1979இல் ஆஸியை வெளியேற்றியது. பத்தாண்டின் பின்பாதியை மட்டும் கேட்டால் என் ஓட்டு ஏசி/டிசிக்கு. ஆனால் பலர் அவர்களுக்கு ஓட்டுப் போடுவது 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை நினைத்து. அது 1980 ஜூலை, பாடகர் பான் ஸ்காட் இறந்த பிறகு வந்தது. எழுபதுகளின் கணக்கில் வராது.

பர்ப்பிளுக்கு எதிரான நல்ல வாதமும் இதே ஆண்டுக் கணக்கிலிருந்துதான் வருகிறது. நாலே வருடம் உச்சத்தில் இருந்த குழு ஒரு பத்தாண்டின் சிறந்த குழு ஆகுமா? 1974இல் புதுப் பாடகர் டேவிட் கவர்டேலோடு வந்த 'பர்ன்' நல்ல ஆல்பம் என்று சொல்லிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டே பிளாக்மோர் கிளம்பிவிட்டார் என்பதை மறைக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை நாலு வருடம் போதும். போதாது என்பவர் செப்பலினுக்குப் போடட்டும்.

குவீனை விட்டுவிட்டேன் என்று சிலர் கோபப்படலாம். முதல் மூன்று ஆல்பங்கள் கனமான ஹார்ட் ராக்தான். சான்சிபாரில் பிறந்து பஞ்ச்கனி பள்ளியில் படித்த ஃபிரெடி மெர்க்குரி அதற்குப் பிறகு வேறு உலகத்துக்குக் குழுவைக் கொண்டுபோய்விட்டார். ஹார்ட் (Heart) என்ற குழுவின் பாடகி ஆன் வில்சனுக்கு இந்தப் பட்டியல்களில் உரிய இடம் கிடைப்பதே இல்லை. அந்தக் குரலுக்குப் பிளான்ட்டோடு சமமாக நிற்கும் வலு உண்டு. வான் ஹேலனின் முதல் ஆல்பம் 1978 பிப்ரவரியில் வந்தது, ஆனால் அது அடுத்த பத்தாண்டின் முதல் ஆல்பம்.

புதிதாக வருபவருக்கு என் யோசனை: 'மேட் இன் ஜப்பான்' கேளுங்கள், உடனே 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்' கேளுங்கள். இரண்டும் ஒரே ஆண்டின் கோடையில், இரண்டு மாத இடைவெளியில் பதிவானவை என்பதால் ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடையாது. அப்புறம் சப்பாத்தின் 1971 ஆல்பம், ஏசி/டிசியின் 'பவரேஜ்'. முடிந்தால் ஹெட்ஃபோனை விட்டுவிட்டு ஸ்பீக்கரில் கேளுங்கள். ஜப்பான் கச்சேரிகளின் மூன்று இரவுகளையும் விரிவாகத் தரும் தொகுப்புகள் பிற்பாடு வந்திருக்கின்றன, அதற்கெல்லாம் அவசரமில்லை. முதலில் அந்த ஏழு பாட்டு.